2⁶⁴ − 1: இருபது இலக்கப் பகு எண்ணைத் தாளிலேயே பிரித்து ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

18446744073709551615.

நம் முறையில் காற்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615. ஏறத்தாழ 1.84 லட்சம் கோடி கோடி. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானிய மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேரும் மொத்தம் இதுதான். 64 பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப்பெரிய குறியில்லா முழு எண்ணும் இதுவே. இரும எண்முறையில் எழுதினால் வரிசையாக 64 ஒன்றுகள்.

இந்த எண்ணின் பகாக் காரணிகள் எவை, வகுத்திகள் எத்தனை, அவற்றின் கூடுதல் என்ன, எத்தனை வர்க்கங்களின் கூடுதலாக இதை எழுதலாம் என்பதையெல்லாம் தாளும் பேனாவும் கொண்டே கண்டுபிடிக்கலாம். பத்தாம் வகுப்பு இயற்கணிதமும் மீதிக் கணக்கும் தெரிந்தால் போதும். குருட்டுத்தனமாக ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்ப்பதென்றால், இதன் வர்க்கமூலமான சுமார் 429 கோடிக்குள் 20,32,80,221 பகா எண்கள் இருக்கின்றன. நாம் செய்யப்போகும் வகுத்தல்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. காரணம், நாம் இலக்கங்களைப் பார்க்கப்போவதில்லை. எண் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம். பெரிய எண்களைக் கையாள்வதில் நான் அறிந்த மிக முக்கியமான பாடம் இதுதான்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. விடைகளைச் சரிபார்க்க எக்செல் வேண்டாம். அது 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியம் காக்காது. கடைசி இலக்கங்களைச் சுழியம் ஆக்கிவிடும். சாதாரண கால்குலேட்டரும் 1.8446744 × 10¹⁹ என்று காட்டி நின்றுவிடும். பைத்தானில் 2**64 - 1 என்று தட்டினால் இருபது இலக்கமும் பிசகாமல் வரும்.

1. எண்ணைக் கையால் உருவாக்குதல்

2ஐ 64 தடவை பெருக்கத் தேவையில்லை. வர்க்கம் எடுத்தால் அடுக்கு இரட்டிக்கிறது. எனவே ஆறே வர்க்கங்கள்: 2, 4, 16, 256, 65536, 4294967296, அப்புறம் 2⁶⁴. அல்-பிரூனி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சதுரங்கத் தானியக் கணக்கைப் போட்டபோதும் வர்க்கம் எடுக்கும் இந்தக் குறுக்குவழியைத்தான் பிடித்துக்கொண்டார்.

கடைசி வர்க்கத்தை மட்டும் முழுமையாகச் செய்து பார்ப்போம். 4294967296ஐ 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்.

42949² = 1844616601
2 × 42949 × 67296 = 5780591808
67296² = 4528751616

முதலாவதற்குப் பின்னால் பத்துச் சுழியங்கள், இரண்டாவதற்குப் பின்னால் ஐந்து சுழியங்கள் சேர்த்து மூன்றையும் கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நம் எண்.

2. மேலோட்டமான சோதனைகள்

கடைசி இலக்கம் 5. எனவே 5ஆல் வகுபடும். கடைசி இரண்டு இலக்கம் 15. எனவே 25ஆல் வகுபடாது. இலக்கங்களின் கூடுதல் 87. எனவே 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டிக் கழித்தால் 37 வருகிறது. 11ஆல் வகுத்தால் மீதி 4.

7க்கும் 13க்கும் இலக்கங்களைத் தொடவே வேண்டாம். 2³ = 8, அதை 7ஆல் வகுத்தால் மீதி 1. 64 = 3 × 21 + 1. எனவே 2⁶⁴இன் மீதி 2, நம் எண்ணின் மீதி 1. 13க்கு 2¹²இன் மீதி 1; 64ஐ 12ஆல் வகுத்தால் மீதி 4; 2⁴ − 1 = 15, அதன் மீதி 2. இரண்டும் காரணிகள் இல்லை. அடுக்கை மட்டும் வைத்து விளையாடும் இந்த முறையைத்தான் கடைசிவரை பயன்படுத்தப்போகிறோம்.

3. எண்ணை உடைத்தல்

இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்ற பள்ளிக்கூடச் சூத்திரம் இங்கே ஆறு தடவை வேலை செய்கிறது. 2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1). இதில் முதல் காரணியும் அதே வடிவம்: (2¹⁶ − 1)(2¹⁶ + 1). அப்படியே கீழே இறங்கினால்:

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

வலப்பக்கத்தில் இருப்பவை எல்லாம் 2, 4, 16, 256, 65536, 4294967296 ஆகியவற்றோடு ஒன்றைக் கூட்டியவை. இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். இந்த வடிவ எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640இல் பியர் டி ஃபெர்மா நம்பினார். முதல் ஐந்துக்கு அது உண்மை. ஆறாவதுக்கு இல்லை, அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த ஆறில் எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இருக்க முடியாது. 3 × 5 = 15, அது 17ஐ விட 2 குறைவு. 3 × 5 × 17 = 255, அது 257ஐ விட 2 குறைவு. எப்போதும் இப்படித்தான்: முந்தைய எல்லாவற்றின் பெருக்கல், அடுத்த ஃபெர்மா எண்ணை விட 2 குறைவு. பொதுக் காரணி ஒன்று இருந்தால் அது அந்த வித்தியாசமான 2ஐயும் வகுக்க வேண்டும். எல்லாமே ஒற்றை எண்கள் என்பதால் அது நடக்காது.

4. காரணி எங்கே ஒளிந்திருக்க முடியும்?

வழிகாட்டியின் நடு இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஏதோ ஒரு ஒற்றைப் பகா எண்ணை எடுத்துக்கொண்டு, 2இன் அடுக்குகளை அதனால் வகுத்து மீதிகளை எழுதிக்கொண்டே போங்கள். 17ஐ எடுத்தால்: 2, 4, 8, 16, 15, 13, 9, 1. எட்டாவது இடத்தில் 1 வந்துவிட்டது. இனி அதே வரிசை திரும்பும். அந்த எட்டை, 17ஆல் வகுக்கும்போது 2இன் சுற்று, சுருக்கமாக 17இன் சுற்று, என்று அழைப்போம். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, ப என்ற பகா எண்ணின் சுற்று எப்போதும் ப − 1ஐ மீதியின்றி வகுக்கும். இங்கே 8, 16ஐ வகுக்கிறது.

சரி, ப என்ற பகா எண் 2³² + 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ப-ஆல் வகுக்கும்போது 2³² ≡ −1 (≡ என்றால் இரு பக்கமும் ஒரே மீதி தரும் என்று பொருள்). வர்க்கம் எடுத்தால் 2⁶⁴ ≡ 1. எனவே சுற்று 64ஐ வகுக்க வேண்டும். ஆனால் 32ஆவது அடுக்கில் −1 தான் வந்தது, 1 வரவில்லை. எனவே சுற்று 32ஆகவோ அதன் வகுத்தியாகவோ இருக்க முடியாது. மிஞ்சுவது 64 மட்டுமே. ஆகவே ப − 1 என்பது 64இன் மடங்கு. அதாவது ப = 64க + 1, இதில் க ஏதோ ஒரு முழு எண்.

லியோனார்ட் ஆய்லர் இந்த அளவோடுதான் வேலையை முடித்தார். 19ஆம் நூற்றாண்டில் எதுவார் லூக்கா இன்னும் ஒரு படி இறுக்கினார். ச = 2⁸ × (2¹⁶ − 1) என்று எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்கம் செய்தால்:

ச² = 2¹⁶ × (2³² − 2¹⁷ + 1)

2³² + 1 ≡ 0 என்பதால் அடைப்புக்குள் −2¹⁷ மட்டும் மிஞ்சுகிறது. எனவே ச² ≡ −2³³ = −2 × 2³² ≡ 2. அதாவது ச என்பது 2இன் வர்க்கமூலம் போல நடந்துகொள்கிறது! 2இன் சுற்று 64 என்றால் ச-வின் சுற்று 128. அதுவும் ப − 1ஐ வகுக்க வேண்டும். ஆகவே ப = 128க + 1.

எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. 2³² + 1 என்ற எண்ணின் வடிவத்தைத் தவிர வேறு எதுவும் இதில் பயன்படவில்லை. ஆனால் ஒரே அடியில், 128 எண்களுக்கு ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தேடலிலிருந்து நீக்கிவிட்டது. இதே வாதம் 2¹⁶ + 1க்கு 64க + 1 என்ற வடிவத்தைத் தரும்.

5. 257, 65537: பகா எண்கள்தானா?

257இன் காரணி 16க + 1 வடிவில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட முதல் எண் 17. ஆனால் 17² = 289, அது 257ஐத் தாண்டிவிட்டது. எனவே 257 பகா எண். ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை.

65537இன் வர்க்கமூலம் 256க்குச் சற்று மேல். 64க + 1 வடிவில் அதற்குள் வருபவை 65, 129, 193. முதல் இரண்டும் பகு எண்கள். 193 ஒன்றுதான் பாக்கி. 65537 = 193 × 339 + 110. வகுபடவில்லை. ஒரே வகுத்தலில் 65537 பகா எண் என்று நிரூபித்துவிட்டோம்.

6. 4294967297இன் காரணி

128க + 1 வடிவ எண்களை வரிசையாக எழுதுங்கள்: 129, 257, 385, 513, 641. 129 = 3 × 43, 385 ஐந்தின் மடங்கு, 513 மூன்றின் மடங்கு; இவை பகா எண்கள் அல்ல. 257 ஏற்கெனவே நம் பட்டியலில் இருக்கும் ஃபெர்மா எண். அது இன்னொரு ஃபெர்மா எண்ணை வகுக்காது என்று மூன்றாம் படியில் பார்த்தோம். எனவே சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641.

பத்து இலக்க எண்ணை அப்படியே வகுக்காமல், மீதிகளை வர்க்கம் செய்துகொண்டு போவோம்:

2¹⁶ = 65536 = 641 × 102 + 154
154² = 23716
23716 + 1 = 23717 = 641 × 37

முடிந்தது. 2³² ≡ −1, எனவே 641 காரணி. 1732இல் ஆய்லர் ஃபெர்மாவின் நம்பிக்கையை உடைத்தது இந்த எண்ணைக் கொண்டுதான். 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போயிருந்தால் 641 பகா எண்களில் 116ஆவது. லூக்காவின் இறுக்கம் இல்லாமல் 64க + 1 வடிவத்தோடு மட்டும் போனாலும் 193, 449, 577 என்ற மூன்றைக் கூடுதலாகச் சோதித்திருக்க வேண்டும். அவற்றுக்கு 2³² + 1இன் மீதிகள் முறையே 109, 325, 288. பயிற்சிக்காக நீங்களே போட்டுப் பாருங்கள்.

641க்கு இன்னும் அழகான நிரூபணம் ஒன்று உண்டு, வகுத்தலே வேண்டாம். 641 = 5 × 2⁷ + 1. அதே 641 = 5⁴ + 2⁴ (625 + 16). முதலாவதிலிருந்து 5 × 2⁷ ≡ −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸ ≡ 1. இரண்டாவதிலிருந்து 5⁴ ≡ −2⁴. பதிலிட்டால் −2³² ≡ 1. அவ்வளவுதான். ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுத முடிந்ததால் கிடைத்த விடை.

வகுத்தால் ஈவு: 4294967297 = 641 × 6700417.

7. 6700417 பகா எண் என்று நிரூபித்தல்

பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். காரணி கிடைத்துவிட்டது, மிச்சம் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வது கணிதம் ஆகாது. நிரூபிக்க வேண்டும், அதுவும் கடினமில்லை.

இதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். 2588க்குள் 370க்கும் மேற்பட்ட பகா எண்கள் உண்டு. ஆனால் 6700417இன் எந்தக் காரணியும் 2³² + 1இன் காரணிதானே? ஆகவே அதுவும் 128க + 1 வடிவில்தான் இருக்க வேண்டும். 129இலிருந்து 2561 வரை அப்படி இருபது எண்கள். அவற்றில் பகு எண்களை நீக்கினால் (உதாரணமாக 1537 = 29 × 53, 1793 = 11 × 163, 2561 = 13 × 197) மிஞ்சுபவை 257, 641, 769, 1153, 1409. 257 ஏற்கெனவே கழிந்தது. எனவே நான்கு வகுத்தல்கள்:

6700417 = 641 × 10453 + 44
6700417 = 769 × 8713 + 120
6700417 = 1153 × 5811 + 334
6700417 = 1409 × 4755 + 622

எதிலும் மீதி சுழியம் இல்லை. 6700417 பகா எண். நம் எண்ணின் முழுப் பகாக் காரணிப்படுத்தல்:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு வெவ்வேறு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. அப்படியானால் 1ஐத் தவிர எந்த முழு எண்ணின் வர்க்கமும் இதை வகுக்காது.

8. வகுத்திகளின் எண்ணிக்கையும் கூடுதலும்

ஒரு வகுத்தியை உருவாக்கும்போது ஏழு பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். எனவே மொத்த வகுத்திகள் 2⁷ = 128. அவை 64 சோடிகளாக அமையும். அந்தச் சோடிகளில் 4294967295, 4294967297 என்ற சோடியின் வித்தியாசம் வெறும் 2. இருபது இலக்க எண் ஒன்றின் இரு காரணிகள் இவ்வளவு நெருக்கமாக நிற்பதற்குக் காரணம், நம் எண் முழு வர்க்கம் ஒன்றுக்கு ஒன்றே ஒன்று குறைவு என்பதுதான்.

வகுத்திகளின் கூடுதலுக்கு ஒவ்வொரு பகா எண்ணோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்:

4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418 = 31421980989189888768

இதிலிருந்து எண்ணையே கழித்தால் 12975236915480337153. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தன்னை விடக் குறைவாக இருப்பதால் இது குறைவெண். எண்ணின் அளவில் சுமார் 70 சதவீதம்தான் தேறுகிறது. 128 வகுத்திகள் இருந்தும் ஏன் இப்படி? சிறிய பகா எண்கள் 3, 5 இரண்டு மட்டுமே. அவைதான் விகிதத்தை 1.6 வரை உயர்த்துகின்றன. மற்ற ஐந்தும் சேர்ந்து அதை 1.7034க்குத்தான் கொண்டுபோகின்றன.

இந்த 128 வகுத்திகளுக்குள் வடிவியல் ஒன்றும் அடங்கியிருக்கிறது. 641, 6700417 இரண்டையும் தொடாத வகுத்திகள் 32. அவற்றில் 1ஐ விட்டால் 31. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையமுடியும் என்று நாம் அறிந்த ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பல்கோணங்கள் இந்த 31 தான்: 3, 5, 15, 17, 51 என்று தொடங்கி 4294967295 வரை. 1796இல் கார்ல் ஃப்ரீடரிக் காஸ் 17 பக்கப் பல்கோணத்தை வரையலாம் என்று காட்டினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இந்த வடிவம் இல்லாத பல்கோணங்களை வரையவே முடியாது என்ற மறுபக்கத்தை 1837இல் பியர் வான்செல் நிரூபித்தார்.

9. சார்பகா எண்களும் 1க்குத் திரும்பும் அடுக்கும்

1 முதல் நம் எண் வரை, இதோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? ஒவ்வொரு பகா எண்ணிலிருந்தும் 1 கழித்துப் பெருக்குங்கள்:

2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416

ஃபெர்மா பகா எண்களிலிருந்து 1 கழித்தால் சுத்தமான 2இன் அடுக்குகள். 640 = 2⁷ × 5. 6700416 = 2⁷ × 52347. அடுக்குகளைக் கூட்டினால் 1 + 2 + 4 + 8 + 7 + 16 + 7 = 45. எனவே விடை 2⁴⁵ × 5 × 52347 = 9208981628670443520. நம் எண்ணில் இது 49.92 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எடுத்தால் அது இதோடு சார்பகா எண்ணாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி.

அடுத்த கேள்வி: சார்பகா எண் எதை எடுத்தாலும் எந்த அடுக்கில் அதன் மீதி நிச்சயம் 1 ஆகும்? மேலே உள்ள பெரிய எண் அந்த வேலையைச் செய்யும். ஆனால் அவ்வளவு தேவையில்லை. ஏழு எண்களின் பெருக்கலுக்குப் பதில் அவற்றின் மீச்சிறு பொது மடங்கு போதும். 2இன் அதிகபட்ச அடுக்கு 2¹⁶, அதோடு 5, 52347. ஆகவே 65536 × 261735 = 17153064960. பத்தொன்பது இலக்கத்திலிருந்து பதினொரு இலக்கத்துக்கு, அதாவது 1715 கோடிக்கு இறங்கிவிட்டோம். ஏழு காரணிகளும் ஒரே மாதிரியான 2இன் அடுக்குகளைப் பகிர்ந்துகொள்வதால் இவ்வளவு சரிவு.

10. பகா எண் சோதனையில் எப்படித் தோற்கிறது

காரணி எதுவும் தெரியாமலே ஓர் எண் பகு எண் என்று காட்ட முடியும். எண் பகா எண்ணாக இருந்தால், 2ஐ அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 வர வேண்டும். நம் எண்ணால் வகுக்கும்போது 2இன் சுற்று 64. ஒன்று குறைந்த எண் 2⁶⁴ − 2; அதை 64ஆல் வகுத்தால் மீதி 62. எனவே வருவது 2⁶², 1 அல்ல. ஒரே வரியில் தோல்வி.

ஆனால் இதன் காரணியான 4294967297ஐ இதே சோதனைக்கு உட்படுத்தினால் ஏமாந்துபோவோம். அங்கும் 2இன் சுற்று 64. ஒன்று குறைந்த எண் 2³², அது 64இன் மடங்கு. எனவே மீதி 1 வந்துவிடும், பகா எண் போலவே. எல்லா ஃபெர்மா எண்களும் 2ஐக் கொண்ட சோதனையில் இப்படித் தேறிவிடும். அதனால்தான் ஃபெர்மா எண்களுக்கு 2ஐ விட்டு வேறோர் அடிமானம் கொண்ட சோதனையை 1877இல் தியோஃபில் பெப்பான் கொடுத்தார். அதில் போலிகள் தப்புவதில்லை.

11. வர்க்கங்களின் கூடுதலாக எழுதுதல்

எந்த முழு எண்ணின் வர்க்கத்தையும் 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 இவற்றில் ஒன்றுதான். நம் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 615. 8ஆல் வகுத்தால் மீதி 7. 0, 1, 4இல் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 மீதி வராது. எனவே இரண்டோ மூன்றோ வர்க்கங்களின் கூடுதலாக இதை எழுத முடியாது. நான்கு வேண்டும். நான்கு எப்போதும் போதும் என்பது 1770இல் ஜோசஃப் லூயி லாக்ராஞ்ச் நிரூபித்தது. அந்த நான்கையும் கண்டுபிடிப்போமா?

பிரம்மகுப்தர் பெயரால் அறியப்படும் முற்றொருமை இங்கே கைகொடுக்கிறது:

(அ² + ஆ²)(இ² + ஈ²) = (அ×இ − ஆ×ஈ)² + (அ×ஈ + ஆ×இ)²

நம் எண்ணில் 3ஐ ஒதுக்கிவைத்தால், மற்ற ஃபெர்மா எண்கள் எல்லாம் ஏதோ ஒரு வர்க்கம் கூட்டல் 1: 5 = 2² + 1, 17 = 4² + 1, 257 = 16² + 1, 65537 = 256² + 1, 4294967297 = 65536² + 1. ஒவ்வொன்றாகப் பெருக்குவோம்.

5 × 17: 2×4 − 1 = 7, 2 + 4 = 6. சரிபார்க்க: 49 + 36 = 85.
257ஐச் சேர்த்தால்: 7×16 − 6 = 106, 7 + 6×16 = 103.
65537ஐச் சேர்த்தால்: 106×256 − 103 = 27033, 106 + 103×256 = 26474.
கடைசியாக: 27033×65536 − 26474 = 1771608214, 27033 + 26474×65536 = 1735027097.

இந்த இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் நம் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு. இப்போது ஒதுக்கிவைத்த 3ஐக் கொண்டுவர வேண்டும். இரு எண்களின் கூடுதலின் வர்க்கமும் வித்தியாசத்தின் வர்க்கமும் சேர்ந்தால், அவற்றின் வர்க்கக் கூடுதலைப் போல் இரு மடங்கு. அதோடு மூல வர்க்கங்கள் இரண்டையும் சேர்த்தால் மூன்று மடங்கு. ஆகவே:

18446744073709551615 = 3506635311² + 36581117² + 1771608214² + 1735027097²

பைத்தானில் கூட்டிப் பாருங்கள். ஓர் இலக்கம் பிசகாது.

12. இந்த ஏழு பகா எண்கள் எங்கே பயன்படுகின்றன

கணினியில் சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் எளிய முறைகள் சில, 64 பிட்டுகளை ஒவ்வொரு படியிலும் நகர்த்தியும் கலந்தும் அடுத்த எண்ணைத் தருகின்றன. 2003இல் ஜார்ஜ் மார்சாக்லியா வெளியிட்ட எக்ஸார்ஷிஃப்ட் அந்த வகை. எல்லாப் பிட்டும் சுழியமாக இருக்கும் நிலையை விட்டால் மிஞ்சும் நிலைகள் 2⁶⁴ − 1. நல்ல முறை ஒன்று அத்தனை நிலைகளையும் தொட்ட பிறகே தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். அதை ஓட்டிப் பார்த்துச் சரிபார்ப்பது நடைமுறையில் ஆகாத காரியம்.

ஆனால் அந்தக் கலக்கல் ஒரு நேரியல் மாற்றம். அதை வேண்டிய தடவைக்கு ஒரேயடியாக அடுக்கு உயர்த்தலாம், நாம் முதல் படியில் வர்க்கம் எடுத்ததைப் போலவே. 2⁶⁴ − 1 தடவையில் பழைய நிலைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால், அதற்கு முன்பே வந்துவிடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். சுற்றின் நீளம் நம் எண்ணின் வகுத்தி. அது முழு எண்ணாக இல்லாவிட்டால், எண்ணை ஏதாவது ஒரு பகாக் காரணியால் வகுத்து வரும் ஈவு ஒன்றை அது வகுத்தே தீரும். எனவே 3, 5, 17, 257, 641, 65537, 6700417 ஆகியவற்றால் வகுத்து வரும் ஏழு ஈவுகளைச் சோதித்தால் போதும். 128 வகுத்திகளையும் பார்க்க வேண்டியதில்லை. காரணிகளில் ஒன்று தெரியாமல் போனாலும் இந்தச் சோதனை முழுமை பெறாது.

13. அடுத்த எண்ணுக்குப் போக

2¹²⁸ − 1ஐயும் முயன்று பார்க்க விரும்பினால் பாதி வேலை முடிந்துவிட்டது. அது நம் எண்ணை 2⁶⁴ + 1ஆல் பெருக்கியது. நான்காம் படியில் ச-வை 2¹⁶ × (2³² − 1) என்று மாற்றிக்கொண்டால், 2⁶⁴ + 1இன் பகாக் காரணிகள் 256க + 1 வடிவில் வரும். இந்தத் தடவை முதல் சோதனையிலேயே கிடைக்காது. க-வின் மதிப்பு 1071 வரை ஏற வேண்டும். 1880இல் ஃபார்ச்சூனே லாண்ட்ரி, எண்பதைத் தாண்டிய வயதில், 274177 × 67280421310721 என்ற இந்தப் பிரிப்பை வெளியிட்டார். காரணியைத் தேடுவதுதான் நீண்ட வேலை. சரிபார்ப்பு 641க்குச் செய்த அதே மூன்று வரிதான்:

2³² = 4294967296 = 274177 × 15665 − 15409
15409² = 237437281
237437281 + 1 = 237437282 = 274177 × 866